வேலை போனால் வீடும் போகவேண்டுமா?

நம்மில் வீடு கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அஸ்திவாரம் போடுவதற்கு முதல் நாள் வாசலில் ஒரு லோடு ஜல்லி வந்து கொட்டும். லாரிக்காரருக்கு மோர் கொடுப்போம். சித்தாளுக்கு டீ வாங்கித் தருவோம். கிரகப்பிரவேசத்தன்று கொத்தனாருக்கு வேட்டி, துண்டு வைத்துக் கொடுப்போம். ஆனால் அந்த ஜல்லி எந்த மலையை உடைத்து வந்தது, உடைத்தவர் இன்று ராத்திரி எங்கே படுத்துத் தூங்குவார் என்று மட்டும் நாம் கேட்டதில்லை.

எங்கள் உத்திரமேரூர், வாலாஜாபாத் சுற்றுவட்டாரத்தில் கல்குவாரிகளும் கிரஷர்களும் இருக்கின்றன. சென்னைப் பக்கம் எழும்பும் மாடி வீடுகளுக்கு இங்கிருந்து ஜல்லியும் எம்.சாண்டும் போகின்றன. லாரி போகிற சாலையோரம் துணி உலர்த்தினால், சாயங்காலம் நன்றாக உதறித்தான் மடிக்க வேண்டும். அந்தக் கஷ்டத்தை நாம் அக்கம்பக்கத்தில் சொல்லி ஆற்றிக் கொள்கிறோம். குவாரி ஓரத்திலேயே குடித்தனம் நடத்துகிற பெண் யாரிடம் போய்ச் சொல்லுவாள்?

'வீட்டுக் குறிப்பும் குழந்தை வளர்ப்பும் வருகிற பத்திரிகையில் சுரங்கத் தொழிலாளி எங்கே வந்தார்?' என்று நினைக்காதீர்கள், சகோதரிகளே. சட்டத்தின் கணக்கில் கல்குவாரியும் ஒரு சுரங்கம்தான். அங்கேயும் அடுப்பு எரிகிறது, தூளி ஆடுகிறது, பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது. எங்கே குடியிருப்பது, யாரோடு குடியிருப்பது, எத்தனை நாள் குடியிருப்பது என்பதை மட்டும் அந்த வீட்டுப் பெண் தீர்மானிப்பதில்லை. வேலை கொடுக்கிறவர் தீர்மானிக்கிறார். இதை மாற்றத்தான் பல ஊர்களில், பல நாடுகளில் போராடியிருக்கிறார்கள். அந்தக் கதைகளை நாமும் தெரிந்து கொள்ள வேண்டும்.

கொட்டகைக் குடித்தனம்

கல் வேலைக்கு ஆள் சேர்க்கிற வழக்கம் பழையது. மேஸ்திரி வருவார். ஒரு தொகையை அட்வான்ஸாகக் கொடுப்பார். கல்யாணச் செலவுக்கோ, ஆஸ்பத்திரிச் செலவுக்கோ அதை வாங்கிக் கொண்டு, சட்டி பானையைக் கட்டிக்கொண்டு, குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். வேலையிடத்துப் பக்கமே தகரக் கொட்டகை. வாடகை இல்லை என்பதால் முதலில் சௌகரியமாகத் தோன்றும். கடன் அடைகிறவரை வெளியே போக முடியாது என்கிறபோதுதான் அந்தக் கொட்டகை வீடா, பட்டியா என்பது புரியும்.

இப்போது வேறு மாநிலங்களிலிருந்தும் ஆண்கள் வேலைக்கு வருகிறார்கள். பலர் சேர்ந்து ஒரே கொட்டகையில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் ஆயிரம் மைலுக்கு அப்பால். அழைத்து வந்தால் வைத்துக்கொள்ள இடம் இல்லை.

1980-களின் தொடக்கத்தில் டில்லிக்குப் பக்கத்தில் உள்ள ஃபரிதாபாத் கல்குவாரிகளைப் பற்றி 'பந்துவா முக்தி மோர்ச்சா' என்ற அமைப்பு உச்சநீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதியது. கோர்ட் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, நேரில் பார்த்துவர ஆள் அனுப்பியது. போனவர்கள் கண்டது என்ன தெரியுமா? கல்லின் மேல் கல்லை அடுக்கியதுதான் சுவர். மேலே வைக்கோல். வெயிலுக்கும் தடுப்பில்லை, மழைக்கும் தடுப்பில்லை. உள்ளே ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கக்கூட முடியாத அளவு. நாட்டுக்கே கல் உடைத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த லட்சணம் அது! 1983 டிசம்பரில் நீதிமன்றம் தந்த தீர்ப்பு, அவர்களைக் கொத்தடிமைகளாக வைத்திருக்கக் கூடாது, குடிநீர், கழிப்பிடம், மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று உத்தரவிட்டது.

மனை இல்லாதவருக்குக் குரல் இல்லை

எங்கள் ஊர்க் கல்வெட்டைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டியது. குடவோலை முறையில் ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுப்பது எப்படி என்று விவரமாகச் சொல்கிறது. சபைக்கு நிற்பதற்குச் சில தகுதிகள் உண்டு. வரி கட்டுகிற நிலம் இருக்க வேண்டும். அதோடு, சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும்.

அந்தச் சபையில் பெண்ணுக்கும் இடமில்லை, கூலிக்காரனுக்கும் இடமில்லை. அது அந்தக் காலம். ஆனால் சொந்த மனைக்கும் ஊரில் எடுபடுகிற பேச்சுக்கும் உள்ள சம்பந்தம் ஆயிரத்து நூறு வருஷம் கழித்தும் மாறவில்லை. விலாசம் இல்லாவிட்டால் ரேஷன் கார்டுக்கு அலைச்சல், ஓட்டர் லிஸ்டில் பேருக்கு அலைச்சல், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அலைச்சல். முதலாளி கொடுத்த கொட்டகையில் இருந்துகொண்டு அதே முதலாளியிடம் கூலி போதவில்லை என்று எப்படிக் கேட்பது? 'நாளைக்குச் சாமானைத் தூக்கி வெளியே போட்டா எங்கே போறது?' என்ற பயம் வாயை அடைத்துவிடும்.

உலகத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. இதை 1961-லேயே யோசித்திருக்கிறது. தொழிலாளர் வீட்டுவசதி பற்றிய அதன் 115-ஆவது பரிந்துரை, முதலாளியே நேரடியாக வீடு கொடுப்பது பொதுவாக விரும்பத்தக்கதல்ல என்கிறது. ஊர்களை விட்டு வெகுதூரத்தில் வேலை நடக்கிறது என்பதுபோன்ற காரணம் இருந்தால்தான் விலக்கு. அப்படிக் கொடுத்தாலும், அந்த வீட்டில் இருப்பவர்களின் அடிப்படை உரிமைகளும், சங்கம் சேரும் உரிமையும் பாதிக்கப்படக் கூடாது.

தங்கவயல் சொல்லும் பாடம்

இதற்கு நம் தமிழ்க் குடும்பங்களே சாட்சி. கர்நாடகத்தில் உள்ள கோலார் தங்கவயலில் 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி தங்கம் எடுக்கத் தொடங்கியதும், வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்தெல்லாம் ஏழை ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேலே ஆழம் போன சுரங்கம் அது. மேலே, 'லைன்' வீடுகள். ஆரம்ப காலத்தில் மூங்கில் தட்டிகள்தான் சுவர். ஒரே அறையில் சமையல், படுக்கை, பிரசவம் எல்லாம். கழிப்பிடம் பொதுவில். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய மண் மலைமலையாகப் பக்கத்திலேயே குவிந்து கிடந்தது. 'சயனைடு மலை' என்பார்கள். காற்றுக் காலத்தில் அந்தத் தூசு வீட்டுக்குள் வரும்.

அந்த வீடும் வேலையோடு ஒட்டிய வீடு. சுரங்கம் 1956-ல் மைசூர் அரசின் கைக்கு வந்தது, 1962-ல் மத்திய அரசுக்குப் போனது, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. முதலாளி மாறினாரே தவிர, வீடு குடியிருப்பவர் பேருக்கு மாறவில்லை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். வேலை போயிற்று. அப்புறம் வீடு?

மூன்று, நான்கு தலைமுறையாக இருந்த இடம். தாத்தாவைப் புதைத்த மண். போகச் சொன்னால் எங்கே போவார்கள்? பூர்வீக ஊரில் அவர்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. ஆகவே ஜனங்கள் வீட்டை விடவில்லை. விடியற்காலையில் ரயிலேறி, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் திரும்புகிறார்கள். பெண்களும் அப்படித்தான். 'நாங்கள் இருக்கும் வீட்டை எங்களுக்கே சொந்தமாக எழுதிக் கொடுங்கள்' என்பது சுரங்கம் மூடியதிலிருந்து சங்கங்களும் குடும்பங்களும் விடாமல் வைத்துவரும் கோரிக்கை. வேலை இருந்தபோதே, தெம்பாக இருந்தபோதே வீட்டுக்கு ஒரு பத்திரம் கையில் இருந்திருந்தால், கிழவயதில் இப்படி மனுப் போட்டு அலைய வேண்டியிருக்குமா?

கூரைக்கு நூறு ரூபாய்

இன்னொரு கதை சத்தீஸ்கரில். அப்போது அது மத்தியப் பிரதேசம். பிலாய் இரும்பாலைக்கு இரும்புத்தாது தோண்டிக் கொடுக்கிற ஊர் தல்லி ராஜ்ஹரா. அங்கே கான்ட்ராக்ட் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில். புருஷன் பாறையை உடைப்பார், பெண்டாட்டி கூடையில் அள்ளிக் கொட்டுவாள். நிரந்தரத் தொழிலாளிக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு. கான்ட்ராக்ட் ஆளுக்கு, தானே கட்டிக்கொண்ட குடிசைதான்.

1977 மார்ச்சில் அவர்கள் தனிச் சங்கம் கண்டார்கள். சங்கர் குஹா நியோகி தலைவராக இருந்து வழிநடத்தினார். அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்றைக் கேட்டால் எந்தக் குடும்பப் பெண்ணுக்கும் மனசு இளகும். மழைக்காலம் வருவதற்கு முன்னால் மூங்கிலும் கூரையும் மாற்றிக்கொள்ள, ஆளுக்கு நூறு ரூபாய் கொடுங்கள் என்பதுதான் அது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஓலை மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்று நம்மூர்க் குடிசைகளில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். ராத்திரி முழுக்கக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஒழுகாத மூலையைத் தேட வேண்டும்.

பணம் தருவதாக ஒப்புக்கொண்டு, பிறகு தரவில்லை. வேலைநிறுத்தம் நடந்தது. ஜூன் 2-ந் தேதி இரவு போலீஸார் வந்து நியோகியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜனங்கள் திரண்டு, வந்த போலீஸாரில் ஒரு பகுதியினரைச் சூழ்ந்துகொண்டு, 'எங்கள் தலைவரை விடு' என்றார்கள். பெண்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அன்று இரவும் மறுநாளும் துப்பாக்கிச் சூடு. பதினோரு பேர் செத்தார்கள். அவர்களில் அனுசுயா பாய் என்ற பெண்ணும் ஒருவர். ஒரு சிறுவனும் உண்டு. அத்தனைக்குப் பிறகும் அவர்கள் பயந்து வேலைக்குத் திரும்பவில்லை. வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்தார்கள். கடைசியில் நிர்வாகம் கோரிக்கைகளை ஏற்றது.

நூறு ரூபாய்க்கா இத்தனை உயிர் என்று கேட்கத் தோன்றும். அவர்கள் கேட்டது நூறு ரூபாயை மட்டுமல்ல. 'இந்தக் குடிசை எங்கள் வீடு, இதை நாங்கள் எங்கள் இஷ்டப்படி செப்பனிட்டுக் கொள்வோம், அதற்கான செலவு எங்கள் உழைப்பின் கணக்கில் சேர வேண்டும்' என்று கேட்டார்கள். அதே ஜனங்கள்தான் பிறகு தங்கள் சந்தாப் பணத்திலும் கையுழைப்பிலும் ஓர் ஆஸ்பத்திரியைக் கட்டி, 1983 ஜூன் 3-ல், செத்தவர்கள் நினைவாக 'ஷஹீத் ஆஸ்பத்திரி' என்று திறந்தார்கள்.

காசாகக் கொடுத்தால் போதுமா?

'கொட்டகை வேண்டாம் என்றால், வாடகைப் பணத்தைக் கையில் கொடுத்துவிடலாமே' என்று சிலர் கேட்பார்கள். தென்னாப்பிரிக்காவில் அப்படியும் செய்து பார்த்தார்கள். அங்கே வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் சுரங்கத் தொழிலாளிகளான கறுப்பு ஆண்களைப் பெரிய விடுதிகளில் அடைத்து வைத்திருந்தார்கள். குடும்பத்துக்கு அனுமதியில்லை. அதை எதிர்த்துப் போராடிய பிறகு, விடுதியில் தங்காதவர்களுக்கு வெளியே தங்கும் படி என்று சம்பளத்தோடு பணம் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. ஆனால் சுரங்கத்தைச் சுற்றி வாடகைக்கு நல்ல வீடு இருந்தால்தானே? ஊரில் இருக்கும் பெண்டாட்டி பிள்ளைக்கும் பணம் அனுப்ப வேண்டும். ஆகவே தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் இல்லாத தகரக் குடிசைகளில் போய்ச் சேர்ந்தார்கள்.

மாரிகானா என்ற இடத்தில் பிளாட்டினம் எடுத்த லோன்மின் கம்பெனி, 2011-க்குள் 5,500 வீடுகள் கட்டித் தருவதாக அரசாங்கத்திடம் எழுதிக் கொடுத்திருந்தது. கட்டியது மூன்றே மூன்று. மாதிரி வீடுகள்! 2012 ஆகஸ்ட் 16-ல் கூலி உயர்வு கேட்டு அங்கே கூடியிருந்த தொழிலாளர்களில் 34 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. பிறகு அமைந்த விசாரணைக் கமிஷன் இந்த வீட்டுக் கணக்கையும் வெளியே கொண்டுவந்தது.

பணக்கார நாடான ஆஸ்திரேலியாவிலும் இந்தப் பிரச்சினை உண்டு என்றால் நம்புவீர்களா? குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மொரன்பா என்பது நிலக்கரி ஊர். அதன் பக்கத்தில் வந்த இரண்டு புதிய சுரங்கங்களுக்கு, உள்ளூரில் குடியிருப்பவர்களை எடுக்காமல், தூரத்து நகரங்களிலிருந்து விமானத்தில் ஆட்களை வரவழைத்து முகாமில் தங்க வைக்க அனுமதி கொடுத்தார்கள். அங்கே சம்பளம் குறைவில்லை. ஏ.ஸி. அறை, சாப்பாடு எல்லாம் உண்டு. ஆனால் வாரக்கணக்கில் அப்பா ஒரு பக்கம், அம்மாவும் குழந்தைகளும் ஒரு பக்கம். ஊர் ஜனங்களும் சங்கமும், 'எங்கே குடியிருப்பது என்று தொழிலாளி தேர்ந்தெடுக்கட்டும்' என்று பிரசாரம் செய்தார்கள். 2017-ல் அந்த மாநிலம் சட்டம் போட்டது. பக்கத்தில் ஊர் இருக்கும்போது, பெரிய சுரங்கம் அத்தனை ஆட்களையும் விமானத்தில் வருகிறவர்களாகவே வைத்துக்கொள்ளக் கூடாது என்றது.

கொட்டகை கொடுத்தாலும் காசு கொடுத்தாலும், தேர்ந்தெடுக்க வேறு இடம் ஒன்று நிஜமாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'உன் இஷ்டம்' என்று சொல்வது வெறும் பேச்சு.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

நம் நாட்டில் 1952-ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டம் குடிநீர், கழிப்பிடம், முதலுதவி, குழந்தைகள் காப்பகம் பற்றியெல்லாம் பேசியது. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், முன்பணத்தைக் காட்டி ஒருவரைப் பிடித்து வைப்பதைக் குற்றமாக்கியது. 1979-ல் வெளிமாநிலத் தொழிலாளருக்காக வந்த சட்டம், வேலை நடக்கும் காலத்தில் தகுந்த குடியிருப்பைக் கான்ட்ராக்டர் கொடுக்க வேண்டும் என்று தெளிவாகவே சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் சுரங்கச் சட்டமும் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டமும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் சேர்ந்துவிட்டன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தனியாக இருந்து வருகிறது. பழைய சட்டத்தில் இருந்த குடியிருப்பு பற்றிய வாக்கு புதிய விதிகளில் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இன்னொரு விஷயம். 2015-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தியபோது, சுரங்கங்களும் குவாரிகளும் உள்ள மாவட்டங்களில் கனிம அறக்கட்டளை ஏற்படுத்தச் சொன்னார்கள். குத்தகைதாரர்கள் அதற்குப் பணம் கட்ட வேண்டும். குடிநீர், சுகாதாரம், கல்வி, பெண்கள் குழந்தைகள் நலம் ஆகியவற்றுக்கு அந்தப் பணத்தில் முதலிடம். அந்தப் பணத்தில் குவாரிக் குடும்பங்களுக்கு என்ன நடந்திருக்கிறது என்று கேட்கலாம், தப்பில்லை.

தூசுக்கு நடுவே குழந்தை

வீடு எங்கே இருக்கிறது என்பது உடம்பைப் பொறுத்த விஷயமும்கூட. கல் உடைக்கும்போது கிளம்பும் நுண்ணிய சிலிக்காத் தூசு கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு போய் நுரையீரலில் தழும்பேற்றிவிடும். 'சிலிகோசிஸ்' என்கிற இந்த நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. இது உள்ளவர்களைக் காசநோயும் சுலபமாகத் தொற்றும். வேலை செய்கிறவராவது எட்டு மணி நேரத்துக்குப் பிறகு வெளியே வருவார். கிரஷரை ஒட்டிக் குடியிருந்தால், கைக்குழந்தை இருபத்துநாலு மணி நேரமும் அதே காற்றைத்தான் சுவாசிக்கும்.

குவாரி வேலைக்குப் போகும் குடும்பம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதைச் சொல்லுங்கள்: வேலைத் துணியை வாசலிலேயே கழற்றித் தனியாக நனைக்க வேண்டும். வீட்டுக்குள் உதறக் கூடாது. தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். தண்ணீர்ப் பானைக்கு மூடி கட்டாயம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், பெரியவரானாலும் குழந்தையானாலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். என்ன வேலை செய்கிறார், எங்கே குடியிருக்கிறார் என்று டாக்டரிடம் சொல்ல மறக்கக் கூடாது.

இவையெல்லாம் கைவைத்தியம் மாதிரிதான். குடியிருப்பு கிரஷரை விட்டுத் தள்ளி, ஊரோடு சேர்ந்து இருப்பதே சரியான தீர்வு.

நாம் என்ன செய்யலாம்?

வீட்டு வேலையை விட்டுவிட்டுக் கொடி பிடிக்கச் சொல்லவில்லை. நம் கையில் இருப்பதைச் செய்தாலே போதும்.

கிராம சபை கூடுகிற நாட்களில் மே 1 ஒன்று. தொழிலாளர் தினம். சுய உதவிக் குழுப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து போனால், 'நம்ம ஊராட்சியில் குவாரி ஓரத்தில் எத்தனை குடும்பம் இருக்கு? அவங்களுக்குத் தண்ணி, கழிப்பிடம், ரேஷன் இருக்கா?' என்று ஒரு கேள்வி கேட்டுத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லலாம்.

பல வருஷமாக இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு எழுதித் தரலாம். எழுதும்போது பெண்ணின் பெயரில் கேட்டு எழுதுங்கள். புருஷனுக்கு வேலை போனாலும், விபத்து நேர்ந்தாலும், அவளையும் பிள்ளைகளையும் எழுப்பி அனுப்ப முடியாது. குடிசைகளை மாற்ற 2024-ல் தமிழ்நாடு அரசு அறிவித்த 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்றார்கள். இந்த மாதிரித் திட்டம் எது வந்தாலும், மனை இருந்தால்தான் வீடு. ஆகவே முதலில் மனை.

முன்பணத்துக்காக ஒரு குடும்பத்தை வெளியே விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், கோட்டாட்சியரிடமோ கலெக்டரிடமோ தெரிவிக்கலாம். மீட்கப்பட்டவர்கள் விடுதலைச் சான்றிதழைக் கையில் வாங்காமல் ஊர் திரும்பக் கூடாது. அதுதான் கடன் ரத்தானதற்கு அத்தாட்சி. குழந்தையை வேலை வாங்கினால் 1098-க்கு போன் செய்தால் போதும்.

அடுத்த தடவை வீட்டு வேலைக்கு ஜல்லி இறக்கும்போது, 'எந்தக் குவாரிச் சரக்கு? அங்கே ஆளுங்க எங்கே தங்குறாங்க?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வராமல் போகலாம். பத்து வீட்டில் பத்துப் பெண்கள் கேட்டால், கேள்வி குவாரி வரைக்கும் போய்ச் சேரும்.